மூன்றாவது அண்டா

1

மேற்கு ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்துக்கு நான் வந்து, வரும் கார்த்திகையோடு ஒன்பது ஆண்டுகள் நிறைகின்றன. இதுவரை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பிய குறிப்புகளில் பனியைப் பற்றியும் ரயில்களைப் பற்றியும் அண்டை வீட்டாரின் ஒழுங்கைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அவற்றைப் படிக்கும் திருவண்ணாமலை நண்பர்கள், எதையும் விளைவறிந்து எடைபோட்டு எழுதுகிறாய் என்று பாராட்டிக் கடிதம் போடுகிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. அதைச் சொல்வதற்குப் பத்து ஆண்டுகள் பிந்திவிட்டேன்.

என் வேலை என்னவென்று ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இங்குள்ளவர்கள் கொதிநீரில் ஒரு சிறு கட்டியைப் போட்டுக் கரைத்து சூப் ஆக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கட்டியைச் செய்யும் ஆலை ஒன்றில் நான் வேதியியலாளன். எலும்பும் கிழங்கும் வெங்காயமும் ஆள் உயரக் கொப்பரைகளில் மணிக்கணக்காகக் கொதிக்கின்றன. சாரம் முழுவதும் நீருக்கு வந்த பிறகு சக்கையை எறிந்துவிட்டு நீரைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். கொதிக்கும் நீர் உள்ளே போட்ட பொருளிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. தன்னைத் தாங்கி நிற்கும் கொப்பரையிலிருந்தும் எடுக்கிறது. அப்படி எவ்வளவு உலோகம் இறங்கியிருக்கிறது என்று தினமும் சோதித்து, தாளில் குறித்து, கீழே கையெழுத்திடுவது என் பணி. நான் கையெழுத்திடாமல் ஒரு வாளிச் சாறுகூட அடுத்த அறைக்குப் போகாது.

ஆலையில் அந்தக் கையெழுத்தை நாளுக்கு ஆறு முறை கூசாமல் போட்டு வந்தேன். சென்ற மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு படிவத்தில் போட முடியவில்லை.

2

எங்கள் மகள் அபிதாவுக்கு எட்டு வயது. அவள் பள்ளியில் இலையுதிர்கால விழா வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தத்தம் நாட்டு உணவு ஒன்று கொண்டுவர வேண்டும் என்றார்கள். ரசம் வைப்பதென்று என் மனைவி சாந்தா முடிவு செய்தாள். இங்கே எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. இந்தப் படிவம் கேட்டவை: உணவின் பெயர், சேரும் பொருள்கள், காய்ச்சும் பாத்திரத்தின் உலோகம், காய்ச்சியபின் பாத்திரத்தில் வைத்திருக்கும் நேரம், பொறுப்பேற்பவரின் பெயர், கையொப்பம்.

எங்கள் வீட்டுப் படிவங்களை நிரப்புபவள் அபிதா. வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதும் அவள்தான் எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் நிற்பாள். எனக்கு ஆய்வகத்து ஜெர்மன் வரும்; அலுவலகத்து ஜெர்மன் வராது. முதல் ஆண்டு, ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டிய அதிகாரியை ‘நீ’ என்று அழைத்துவிட்டு, அவர் முகம் ஏன் சிவந்தது என்று புரியாமல் வீடு திரும்பியவன் நான். அபிதாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவளுக்குத் தொல்லை தருவது தமிழ்தான். நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். அவள் பேச்சை இங்கே என் தமிழில் தருகிறேன்.

அன்று சமையலறை மேசையில் அவள் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். சாந்தா பரண் மேலிருந்து ஒரு பித்தளைக் குண்டானை இறக்கி வைத்தாள். போளூரில் அவளுக்குச் சீராகக் கொடுத்தது. நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசிக் கொடுப்பார்கள்; அதைக் கலாய் போடுவது என்போம். இந்தக் குண்டானின் கலாய் ஒன்பது ஆண்டுகளில் தேய்ந்துபோய், அடியில் மஞ்சள் தெரிந்தது.

“இதுலயா ரசம் வைக்கப் போற?”

“ஏன், சீர்ப் பாத்திரங்க. வர்றவங்க பாக்கட்டும். நம்ம ஊர்ப் பாத்திரம்னு ஒண்ணாவது இருக்கட்டுமே.”

“கலாய் போயிடுச்சு. புளி கொதிச்சா களிம்பு ஏறும்.”

“ஒரு கொதி தாங்க. ஒடனே வேற பாத்திரத்துக்கு மாத்திடறேன்.”

நான் குண்டானைப் பிடுங்கிப் பால்கனியில் கொண்டுபோய் வைத்தேன். வைத்த வேகத்தில் அதன் விளிம்பு நெளிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சாந்தாவிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள், “பாத்திரத்து மேல என்ன கோவம் உங்களுக்கு. என் மேலன்னா என்கிட்ட சொல்லுங்க” என்றாள்.

அபிதா தலை நிமிராமல் கேட்டாள்: “உலோகம் என்ன என்று எழுத?”

“எவர்சில்வர்.”

“பொறுப்பு? அம்மாவா, நீயா?”

“அம்மா பேரைப் போடு.”

“ஆலையில் நீதானே இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறாய்” என்றாள் அவள். அவளுக்கு இது ஒரு சாதாரணக் கேள்வி. என்னால் பேனாவை வாங்க முடியவில்லை. சாந்தா வாங்கித் தன் பெயரை எழுதினாள்.

3

பத்து ஆண்டுகளுக்கு முந்தைய திருவண்ணாமலைத் தீபம் அது. நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயன்றுகொண்டிருந்தேன். எங்கள் தெரு இளைஞர் மன்றம் தீபத்தன்று கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் பந்தல் போட்டு, சுற்றி வருகிறவர்களுக்குப் பொங்கலும் சுடச்சுடச் சுக்குக் கஷாயமும் கொடுப்பது வழக்கம். கார்த்திகை மழையில் நனைந்து, குளிரில் நடுங்கி வரும் ஜனங்களுக்கு அந்த ஒரு தம்ளர் பெரிய ஆறுதல்.

அந்த ஆண்டு கஷாயப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெறும் சுக்கில் என்ன சத்து இருக்கிறது என்பது என் வாதம். நெல்லிக்காயை உலர்த்திய நெல்லிமுள்ளியைச் சேர்க்க வேண்டும், முந்தின நாளே நீரில் ஊறவைத்தால்தான் சாரம் முழுவதும் இறங்கும், எட்டுப் பங்கு நீரை நான்கு பங்காகச் சுண்டக் காய்ச்ச வேண்டும் என்றெல்லாம் கூட்டத்தில் விளக்கினேன். மன்றத் தலைவர், “நம்ம கதிரேசன் படிச்சதுக்கு இப்ப தான் ஊருக்குப் பலன்” என்றார். பந்தல் வாசலில் வைக்க ஒரு பலகையில் நானே எழுதினேன்: சத்து நிறைந்த மூலிகைக் கஷாயம். தயாரிப்பு: ந. கதிரேசன், பி.எஸ்ஸி. (வேதியியல்).

மன்றத்துக்கு மூன்று பித்தளை அண்டாக்கள் இருந்தன. மூன்றையும் கலாய் போட மஸ்தான் பாயிடம் கொடுத்திருந்தோம். சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் பட்டறை. பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால், வெண்புகைக்கு நடுவில் உட்புறம் முழுவதும் நிலா வெள்ளையாக மாறும். ஊரின் கல்யாணப் பாத்திரங்கள் பெரும்பாலும் அவர் கைப்பட்டவை. ஒரு வாரமாகப் பெய்த மழையில் அவர் கரி நனைந்துபோயிற்று. தீபத்துக்கு முந்தின நாள் காலை நான் வண்டியோடு போனபோது இரண்டு அண்டாக்கள்தான் முடிந்திருந்தன.

“ரெண்டு ஆச்சு தம்பி. மூணாவது நாளைக்குத் தான் ஆவும்.”

“நாளைக்கு தீபம் பாய். ஜனம் வந்துடும்.”

“வந்தா ஒரு அண்டா கம்மியா ஊத்து. குடியா முழுவிடப் போவுது?”

“குடுங்க, இருக்கறபடி எடுத்துக்கறேன்.”

அவர் மூன்றாவது அண்டாவைக் கவிழ்த்து, உள்ளே நகத்தால் சுரண்டிக் காட்டினார். “பாத்துக்கோ. வெள்ளையே இல்ல, மஞ்ச தான் தெரியுது. எடுத்துட்டுப் போறதுன்னா சுடுதண்ணி வெச்சிக்கோ. புளிப்பு மட்டும் இதுல ஏத்தாத.”

“நான் கெமிஸ்ட்ரி படிச்சவன் பாய்.”

“அப்ப சரி. ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது” என்று சிரித்துக்கொண்டே அண்டாவை வண்டியில் தூக்கி வைத்தார்.

பந்தலில் சமையற்காரர் கலாய் போட்ட இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எனக்குச் சாம்பார் இருக்குது, புளி சேர்றது. கஷாயத்துக்கு எதுவா இருந்தா என்ன” என்றார். அவருக்கு நெல்லிமுள்ளி விவரம் தெரியாது. எனக்குத் தெரியும். புளிப்புப் பித்தளையை என்ன செய்யும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அந்த நேரம் என் மனத்தில் இருந்தது பலகை மட்டுமே. சுக்கை மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பலகையில் சத்து நிறைந்த கஷாயம் என்று எழுதியாகிவிட்டது. அன்று மாலையே மூன்றாவது அண்டாவில் நெல்லிமுள்ளியைக் கொட்டி, நீர் ஊற்றி மூடினேன்.

4

மறுநாள் விடியுமுன் சுக்கும் மிளகும் சேர்த்து அந்த அண்டாவிலேயே சுண்டக் காய்ச்சி, காலையில் கொடுக்க ஆரம்பித்தோம். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார்கள். கஷாயத்துக்கு இந்த ஒரு வசதி உண்டு; அதன் சுவை கெட்டிருப்பதை எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கறுத்த நிறத்தில் களிம்பின் பச்சை தெரியவில்லை.

முதலில் சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வெறும் வயிற்றில் குடித்திருப்பார் என்றோம். பிறகு அவர் மகள். பிறகு வரிசையில் நின்றவர்களில் பத்துப் பேர், இருபது பேர். ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றி அனுப்பினோம். அனைவரும் இரண்டொரு நாளில் தேறி வீடு திரும்பினார்கள். இந்த வாக்கியத்தைப் பத்து ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். உண்மையான வாக்கியம்தான்.

பந்தல் காலியான பிறகு, மிஞ்சியதைக் கொட்டிவிட்டு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன். கஷாயம் நின்ற மட்டம் வரை பித்தளை புதுப் பொன்னாக மின்னியது. அதற்கு மேலே பழைய மங்கல். எங்கே புளிப்பு தின்றது, எங்கே தின்னவில்லை என்று கோடு போட்டுக் காட்டியது அந்த அண்டா. அதைப் பார்த்த ஒரே ஆள் நான். அடுப்புச் சாம்பலை அள்ளி, வைக்கோலால் உள்ளும் புறமும் ஒரே நிறமாகும் வரை தேய்த்தேன். பிறகு வாசலில் இருந்த பலகையைக் கழற்றித் திருப்பி வைத்தேன்.

அன்று மாலையே விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தலைவர் என்னை முன்னால் தள்ளினார்.

“பாத்திரத்துக்குக் கலாய் யார் போட்டது?”

“மஸ்தான் பாய் சார்.”

“மூணு அண்டாவையும் அவர்கிட்ட தான் குடுத்தீங்களா?”

“ஆமா சார்.”

“எப்ப திரும்பி வந்தது?”

“நேத்து.”

மூன்று பதில்களிலும் ஒரு பொய்கூட இல்லை. அதிகாரி தலையை ஆட்டினார். தலைவர், “ஈயத்துல காரீயத்தக் கலந்து தேச்சிருப்பாரு. இப்ப எல்லாத்துலயும் கலப்படம்” என்றார். நான் நெல்லிமுள்ளியின் சக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கு எதுவும் போடவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஓட்டல்காரர்களும் கல்யாண வீட்டார்களும் பாத்திரங்களை வேலூருக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

தை மாதம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை; தெருக்கதவருகிலேயே நின்றார்.

“தம்பி, மூணாவதுக்கு நான் கலாய் போடலன்னு ஒனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் பாய்.”

“அத ஒரு வார்த்த தலைவர்கிட்ட சொல்லிடேன். புளிப்பு ஏத்தாதன்னு சொன்னனா இல்லியா? நான் சொன்னா யார் நம்பறாங்க. நீ படிச்சவன்.”

“பேசிப் பாக்கறேன் பாய்.”

“பாக்கறேன்னா?”

“பேசறேன்.”

அந்த வாரம் நான் தலைவர் வீட்டுக்குப் போனேன் என்பது உண்மை. மேற்படிப்புக்கான விண்ணப்பத்தோடு வைக்க, ஊரறிந்த ஒருவரின் நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. அவர் காபி கொடுத்து, சமூகப் பொறுப்புள்ள இளைஞன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எடைபோட்டேன். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள், ஊர் ஓராண்டில் மறந்துவிடும், பாய்க்கு வேலை திரும்பி வந்துவிடும், எனக்கோ வாய்ப்புத் திரும்பி வராது. விளைவுகளை நான் கணக்கில் எடுக்காமல் இல்லை. எல்லாவற்றையும் எடுத்து, தவறாகக் கூட்டினேன்.

5

குண்டானைப் பால்கனியில் வைத்த வாரம் என் தங்கை தேன்மொழியின் கடிதம் வந்தது. வேங்கிக்கால் பக்கம் புதுவீடு கட்டிக் குடியேறியிருக்கிறாள். கிணறு, குழந்தைகள், பக்கத்து வீட்டு நாய் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தாள்.

“உனக்கு மஸ்தான் பாயை ஞாபகம் இருக்கா அண்ணா? கலாய் போடுவாரே. அவர் பையன் வாடகைப் பாத்திரக் கடை வைக்கணும்னு இடம் கேட்டு அலையறான். நல்ல பையன். ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்க. தீபத்துக்கு வந்த ஜனத்துக்கு வேணும்னே விஷம் வெச்ச வீடுன்னு சொல்றாங்க. நம்ம தெருவுலயே சின்னப் பசங்ககூட சொல்லுதுங்க. பாய் இப்ப வீட்ட விட்டு வெளியவே வர்றதில்ல. அந்த வருஷம் நீ தானே பந்தல்ல இருந்த. நிஜமாவே அவர் தான் வெச்சாரா?”

ஈயத்தில் கலப்படம் என்ற ஒரு சந்தேகத்தை ஊர் பத்து ஆண்டுகள் அடுப்பில் வைத்திருக்கிறது. அதில் இருந்த நீரெல்லாம் வற்றி, ஒரு மதத்தின் பெயரும் ஒரு குடும்பத்தின் பெயரும் ஒட்டிய கசடாக இறுகிவிட்டது. அன்று சம்பவத்தைப் பார்க்காத பிள்ளைகள் இன்று அதைச் சொல்கிறார்கள். ஊர் மறந்துவிடும் என்று நான் நினைத்தது நடக்கவே இல்லை. ஊர் மறந்தது என்னை மட்டும்தான்.

அன்றே சாந்தாவிடம் சொன்னேன். அவள் அதிகம் கேட்கவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பா உங்களப் பத்தி விசாரிச்சப்ப, அந்தத் தலைவர் தாங்க நல்ல பையன்னு சொன்னாரு” என்றாள். பிறகு, நெளிந்த குண்டானை உள்ளே எடுத்து வந்து துடைத்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் நான் ஏதாவது சொன்னால் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

அபிதாவிடம் சொல்வதற்கு என்னிடம் போதிய ஜெர்மன் இல்லை. அவளிடம் போதிய தமிழ் இல்லை. படிவத்தின் நகலை எடுத்து, கட்டங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

“அந்த ஊரில் இந்தப் படிவம் இல்லையா?”

“இல்லை.”

“அதனால்தான் அவர் பெயரைச் சொன்னாயா?”

“அதனால் இல்லை.”

நான் இந்தக் கட்டுரையை எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னேன். அவள் யோசித்தாள். “எல்லோரும் படிப்பதற்கு முன்னால் அவர் படிக்க வேண்டாமா?” என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும் நான் ஊரைப் பார்த்தே பேசத் தயாராகியிருந்தேன். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அந்த மனிதரைப் பார்த்து அல்ல.

6

மஸ்தான் பாய்க்குத் தனியாகக் கடிதம் எழுதி, தேன்மொழி மூலம் கையில் கொடுக்கச் செய்தேன். அவள் பதில் எழுதினாள். பையன் கடிதத்தைப் படித்துக் காட்டினானாம். பாய் கேட்டு முடித்துவிட்டு, “புளிப்பு ஏத்தாதன்னு நான் சொன்னத எழுதியிருக்கானா?” என்று மட்டும் கேட்டாராம். எழுதியிருக்கிறது என்றதும் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். எனக்கென்று அவர் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழே உள்ளதை மட்டும் தனியாக வெட்டி, மன்றத்தின் படிப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். பையனுக்குக் கடை இடம் தர மறுத்தவர்களிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். இதன் கட்டங்களைப் போட்டவள் என் மகள். தமிழில் அவளுக்கு எழுத வராததால் நிரப்பியது நான்.

பண்டம்: தீபத்தன்று அடி அண்ணாமலைப் பந்தலில் கொடுத்த கஷாயம்.

சேர்ந்தவை: சுக்கு, மிளகு, நெல்லிமுள்ளி.

பாத்திரம்: பித்தளை அண்டா, மூன்றாவது. கலாய் போடாதது. போடவில்லை என்றும் புளிப்பு ஏற்றக் கூடாது என்றும் மஸ்தான் பாய் முன்னதாகவே சொன்னார்.

பாத்திரத்தில் இருந்த நேரம்: ஓர் இரவும் ஒரு காலையும்.

தயாரிப்பு: ந. கதிரேசன், பி.எஸ்ஸி. (வேதியியல்).